உப்பு அம்பாரத்தின் மேல் ஒரு மீட்டர்

போன மாதம் பவித்ரா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் பார்த்துவந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலையை இப்போது அவர் பார்க்கிறார். முதலில் என் உடல்நலம் விசாரித்தார், பிறகு மனைவியின் உடல்நலம், பிறகு மரக்காணத்தில் மழை எப்படி என்று. இவ்வளவு விசாரணை வந்தால் எதையோ பிடுங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். காத்திருந்தேன்.

“சார், காலை ரவுண்டுல ஒரு ஸ்டெப் இருக்குது. வேலிக்கு வெளியில போய், பக்கத்து உப்பளத்து அம்பாரத்து மேல மீட்டரை வெச்சிட்டு நிக்கணும்னு. ரூல்ல எங்கயும் இல்ல. இப்ப எல்லாம் ஆட்டோமேட்டிக்கா ரெக்கார்ட் ஆகுது. எடுத்துடலாமா?”

அதை யார் ஆரம்பித்தது என்று கேட்டேன். நீங்கள்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவனிடமிருந்து ஒரு வார்த்தையில் பதில் வரும் என்று எதிர்பார்த்தது அவருடைய அனுபவக் குறைவு.

நான் மரக்காணத்தில் பிறந்தவன். இயற்பியல் படித்தேன். வடக்கே ஒரு துகள் முடுக்கி நிலையத்தில் பயிற்சி, அங்கேயே சில வருடம் வேலை. குளிரும் சப்பாத்தியும் பழகின, இந்தி பழகவில்லை. அங்கே கற்றதில் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: மீட்டர் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதே, மீட்டரைச் சந்தேகப்படு. மண்ணிலும் வாழைப்பழத்திலும் வானத்திலிருந்தும் கொஞ்சம் கதிர்வீச்சு எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் உயிருள்ள மீட்டர் அவ்வப்போது ஒரு ‘டிக்’ சொல்லியே தீரும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது செத்துப்போன மீட்டர்.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கமே, உப்பளங்களுக்கு நடுவில், புதிய கூடம் ஒன்று கட்டுகிறார்கள் என்று தெரிந்து மாற்றல் கேட்டு வந்தேன். இரும்புக் கம்பி இரண்டு வருடத்தில் பிஸ்கட்டாக உதிர்கிற இடத்தில், நாட்டிலேயே நுட்பமான கருவிகளைக் கொண்டுவந்து வைக்க யாருக்குத் தோன்றியது என்பது இன்றுவரை தெரியாது. ஒரு குழு கூடி முடிவெடுத்ததாகச் சொன்னார்கள். அந்தக் குழு மழைக்காலத்தில் வந்து பார்த்திருக்க வேண்டும்.

கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் விளக்கம் இது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முழு வேகத்தில் வரும் பஸ்ஸின் முகப்பில் ஒரு ரப்பர் பந்தை எறிந்தால், எறிந்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் பந்து திரும்பி வரும். எங்களுக்கு பஸ் என்பது கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான் கூட்டம். பந்து என்பது எதிரே இருந்து அடிக்கும் லேசர் ஒளி. மோதித் திரும்பும் ஒளி, ஒளியாக இல்லாமல் காமாக் கதிராகத் திரும்பும். அந்தக் காமாவை ஓர் உலோகத் தகட்டில் விட்டால் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் பிறக்கும். வருங்காலப் பெரிய முடுக்கிகளுக்கு அதுதான் தீனி. உலகத்தில் சில இடங்களில் செய்திருக்கிறார்கள், நாங்களும் செய்ய வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய இரண்டு கற்றைகள் சரியான நொடித்துணுக்கில் சந்திக்க வேண்டும், அவ்வளவுதான். கடல்காற்றில் கதவே சட்டத்தோடு சந்திக்காத ஊரில்.

என் பங்கு எளிமையானது. எலக்ட்ரான் இயந்திரத்தை ஓட்டுவதற்கு முன்னால் தடித்த காங்கிரீட் சுவருக்குள் இருக்கும் இயந்திர அறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பொத்தான் இருக்கும். வரிசை தவறாமல் நடந்து, மேசைக்கு அடியில் குனிந்து, குழாய்களுக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, பொத்தானை அழுத்திக்கொண்டே வர வேண்டும். வரிசை தவறினால் முதலிலிருந்து. கடைசியாக, “உள்ள யாராவது இருக்கீங்களா?” என்று குரல் கொடுத்து, வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியைக் கட்டுப்பாட்டு அறையில் அதற்கென இருக்கும் துளையில் போட்டுத் திருப்பினால்தான் இயந்திரம் ஓடும். சாவி வேறெங்கே இருந்தாலும் ஓடாது. இத்தனை வருடப் பழக்கத்தில், இன்றைக்கும் வீட்டைப் பூட்டும்போது உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத்தான் பூட்டுகிறேன். மனைவி என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, “நான் இங்கதான் இருக்கேன்” என்பாள். அவள் வார்த்தையை மட்டும் நம்பிப் பூட்டுவதற்கு எனக்குப் பயிற்சி இல்லை.

கூடத்தின் தலைவர் சுகந்தி மேடம். உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. வரைபடத்தை உட்கார்ந்து பார்க்க மாட்டார். நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொருட்காட்சியில் விலை அதிகமான பொருளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். யாராவது ஒரு நல்ல முடிவோடு ஓடிவந்தால் பாராட்ட மாட்டார். “சரி. இதை எப்படிக் கெடுக்கலாம்?” என்பார். அந்த முடிவு பொய்யாக இருந்தால் அது எந்த வழியில் பொய்யாகியிருக்க முடியும், ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார், எதனாலும் கெடவில்லையென்றால் என்னிடம் வா என்று பொருள். இளைஞர்கள் அவரைப் பார்த்து நடுங்குவார்கள். எனக்கு மட்டும் அவரிடம் வேலை பார்ப்பது சொந்த ஊரில் இருப்பதுபோல இருந்தது. எங்கள் ஊரிலும் யாரும் எதையும் முதல் தடவை நம்ப மாட்டார்கள்.

லேசரைப் பார்த்துக்கொண்டவர் முரளி. லேசரின் கண்ணாடிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, மாற்று இல்லை. அவற்றை ஒரு பெட்டிக்குள் வைத்து, உலர்ந்த வாயுவை நிரப்பி மூடியிருந்தார். உப்புக்காற்று பட்டால் கண்ணாடியின் பூச்சு போய்விடும். அதனால் பெட்டியைத் திறக்கவே கூடாது என்பது விதி. அதன் பக்கம் யாராவது தும்மினாலே முரளி முகம் சுளிப்பார்.

கூடத்தின் வேலியில் ஒரு பலகை உண்டு. கதிர்வீச்சு அளவு சாதாரணமாக இருந்தால் பச்சை விளக்கு, ஏறினால் சிவப்பு. ஊராருக்கு எங்கள் மேல் நம்பிக்கை வரவேண்டும் என்று வைத்தது. பல மாதம் பச்சையாகவே எரிந்தது. அதனால் அதை யாரும் நம்பவில்லை.

வேலியை ஒட்டிய உப்பளம் அஞ்சலை அக்காவுடையது. குத்தகைக்கு எடுத்து, தானும் இறங்கி உப்பு வாருகிறவர். விளைந்த உப்பையெல்லாம் வேலி ஓரம் அம்பாரமாகக் குவித்து, மழை வருவதற்குள் விற்றாக வேண்டும். வாங்குகிறவர் கூனிமேட்டு ஜமால் பாய். கருவாடு போடுகிறவர்களுக்கும் தோல் பதனிடுகிறவர்களுக்கும் லாரி லாரியாக உப்பு அனுப்புகிறவர்.

ஓர் ஆவணி மாதம் அந்த முக்கியமான நாள் வந்தது. எலக்ட்ரான் ஓடியது, லேசர் சுட்டது, காமா உணர்கருவியின் திரையில் அழகான ஒரு முகடு எழுந்தது. முரளி லேசரை நிறுத்தினார், முகடு மறைந்தது. மீண்டும் சுட்டார், முகடு வந்தது. யாரோ கைதட்டினார்கள். சுகந்தி மேடம் நின்றபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு, நான் அதுவரை பார்த்திராத ஒன்றைச் செய்தார். சிரித்தார். மதியத்துக்குள் திண்டிவனத்திலிருந்து ஜாங்கிரி வந்தது. மேலிடத்துக்குச் செய்தி போனது.

அதே வாரத்திலிருந்து வேலிப் பலகை சிவப்பாகச் சிமிட்ட ஆரம்பித்தது.

அஞ்சலை அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனால் காலி லாரி நிற்கிறது, ஜமால் பாய் வரப்பில் குடையோடு நிற்கிறார், அம்பாரத்தைத் தொடக்கூட இல்லை. சிவப்பு விளக்கு எரிகிற இடத்து உப்பை வாங்கினால் தன்னிடம் யார் வாங்குவார்கள் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நான் கையோடு கொண்டுபோன மீட்டரை அம்பாரத்தின் மேல் வைத்தேன். வழக்கமான ‘டிக்’, அதற்குமேல் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது என்றேன்.

பாய் பலகையைப் பார்த்தார், என் மீட்டரைப் பார்த்தார்.

“ரெண்டும் உங்க மெஷின்தானப்பா. ஒண்ணு இருக்குதுன்னுது, ஒண்ணு இல்லன்னுது. நான் எதை நம்பறது?”

பலகை பழுதாக இருக்கலாம் என்றேன்.

“பச்சை எரிஞ்சப்ப பழுதுன்னு சொல்லலியே நீ?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது இருக்கட்டும். உங்க வீட்ல எந்த உப்பு?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். என் மனைவி கிளியனூர்க்காரி. அயோடின் வேண்டும் என்று யாரோ டாக்டர் சொன்னதிலிருந்து பாக்கெட் உப்புதான். அதைச் சொன்னேன். பாய் குடையை மடக்கினார்.

“உப்பளத்துல பொறந்தவன் பாக்கெட் உப்பு துன்றான். என்னை வாங்கச் சொல்றான்.”

லாரி காலியாகவே போனது. அஞ்சலை அக்கா திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. “இந்த வருசம் முச்சூடும் போட்ட உப்பு தம்பி. மழைக்கு முன்ன போவலன்னா கரைஞ்சி மறுபடியும் கடலுக்கே போயிடும்,” என்றார். “நீ எங்க ஊருப் புள்ளைதான். ஆனா சோறு அவங்க போடறாங்க. எனக்குத் தெரியும்.” திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலை முழுவதும் வேலி ஓரத்தில் நின்று யோசித்தேன். கதிர்வீச்சு காங்கிரீட் சுவரைத் தாண்டி வேலிவரை வருகிறதென்றால் சுவருக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் நாங்கள் மார்பில் குத்தியிருக்கும் கதிர் அளக்கும் அட்டைகள் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றும் இல்லை. பேட்டரியில் ஓடும் என் மீட்டரிலும் இல்லை. கம்பி வழியாகக் கூடத்தோடு இணைந்த பலகையில் மட்டும் இருக்கிறது. சிமிட்டலும் லேசர் சுடுகிற தாளத்திலேயே இருந்தது. லேசர் ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் உள்ளே பெரிய மின்னழுத்தம் ஒன்று சட்டென்று அறைந்து இறங்கும். தரையில் புதைத்த எர்த் பட்டையை உப்புநீர் தின்றிருந்தால் அந்த மின்வீச்சு வேறு வழி தேடிக்கொண்டு, கம்பிகளில் ஏறி, பலகைக்குப் போயிருக்கலாம். பலகை எண்ணியது கதிரை அல்ல, மின்சார விக்கலை.

இதுவரை நன்றாக இருந்தது. அக்காவின் உப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று கிளம்பினேன். பாதி வழியில்தான் அடுத்த சந்தேகம் வந்தது. அதே எர்த்தில்தான் உள்ளே இருக்கும் காமா உணர்கருவியும் இருக்கிறது. பலகை விக்கலை எண்ணினால், ஜாங்கிரி வாங்கிக் கொண்டாடிய அந்த முகடு எதை எண்ணியது?

மறுநாள் முரளியிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஊர்க்காரங்க சொல்லி அனுப்பினாங்களா?” என்றார். பலகையை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்று யோசனையும் சொன்னார். அணைந்த பலகையைப் பார்த்து எங்கள் ஊர் என்ன நினைக்கும் என்பதை அவருக்கு விளக்க முயலவில்லை. ஊரில் நான் கூடத்தின் ஆள், கூடத்தில் நான் ஊரின் ஆள். இரண்டு பக்கமும் சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: இழக்க ஒன்றும் இருக்காது. மேடத்தின் அறைக்குப் போனேன்.

அவர் சுவரில் அந்த முகட்டின் வரைபடம் இருந்தது. சட்டம் போட்டிருந்தார்கள். நான் முழுவதையும் சொன்னேன், அக்காவின் உப்பு, பாயின் லாரி, எர்த் பட்டை எல்லாம். ஜன்னல் வழியாக வெளியே அம்பாரம் தெரிந்தது. நான் தயங்கித்தான் கேட்டேன்.

“மேடம், இதை எப்படிக் கெடுக்கலாம்னு நீங்க இன்னும் கேக்கலை.”

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன். அவர் எழுந்து அந்த வரைபடத்தின் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“லேசரை நிறுத்திப் பார்த்தோம். ஒளியை மட்டும் நிறுத்திப் பார்க்கலை,” என்றார். “ஏன் பார்க்கலை, ஏகாம்பரம்?”

இரண்டு பேருக்கும் பதில் தெரியும். லேசரைச் சுடவிட்டு ஒளியை மட்டும் மறிக்க வேண்டுமென்றால் பெட்டிக்குள் ஒரு தகடு வைக்க வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டும். வெளியே ஆவணி மாதத்து உப்புக்காற்று. வேறெந்த ஊராக இருந்தாலும் முதல் நாளே ஒரு மாணவன் அட்டையைக் குறுக்கே நீட்டியிருப்பான். நாங்கள் கண்ணாடியைக் காற்றிலிருந்து காப்பாற்றுவதில் இருந்த கவனத்தில், எங்களை எங்களிடமிருந்து காப்பாற்ற மறந்துவிட்டோம்.

“திறங்க,” என்றார்.

முரளி எதிர்த்தார். கண்ணாடி போனால் இந்த வருடம் போச்சு என்றார். மேலிடத்துக்குச் செய்தி போய்விட்டது என்றார். கடைசியில் கண்கலங்கிவிட்டார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெளியில் ஓர் உப்பு அம்பாரம் கிடக்கிறது, அதற்கும் இந்த வருடம்தான் என்றார். அறுவை சிகிச்சைக்குப் போடுவதுபோலத் துணிக்கூடாரம் கட்டி, முரளியே திறந்து, தகடு வைத்து மூடினார். நான் இயந்திர அறையைச் சுற்றிப் பொத்தான்களை அழுத்தி, குரல் கொடுத்து, பூட்டிச் சாவியைத் திருப்பினேன். எலக்ட்ரான் ஓடியது. லேசர் சுட்டது. ஒளி தகட்டைத் தாண்டவில்லை, எதையும் சந்திக்கவில்லை. திரையில் அதே முகடு, அதே உயரம், அதே அழகு.

மேடம் தன் அறைக்குப் போய்ச் சட்டத்தை இறக்கிக் கவிழ்த்து வைத்தார். மேலிடத்துக்கு அவரே பேசினார். கதவு மூடியிருந்தது. வெளியே வந்தபோது முகம் ஒரு வாரம் ஜுரத்தில் கிடந்தவர்போல இருந்தது. “அந்த வியாபாரியைக் கூப்பிடுங்க,” என்றார்.

ஜமால் பாய் வந்தார். என்ன சூது என்று பார்ப்பதற்காகவே வந்தார் என்று நினைக்கிறேன். வேலிப் பலகைக்குக் கீழே அவர், அஞ்சலை அக்கா, மேடம், நான். பாயின் கையில் எலக்ட்ரான் இயந்திரத்தின் சாவியைக் கொடுத்தேன். இது உங்கள் கையில் இருக்கும்வரை உள்ளே இருக்கும் இயந்திரம் ஓடாது என்றேன். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டார். மேடம் கைபேசியில் முரளியிடம் ஒரு வார்த்தை சொன்னார். லேசர் மட்டும், தகட்டில் முட்டிக்கொண்டு, சுட ஆரம்பித்தது. பலகை சிவப்பாகச் சிமிட்டியது.

“சாவி என்கிட்ட இருக்குது,” என்றார் பாய்.

“இருக்குதுங்க,” என்றார் மேடம். “அதனாலதான் சொல்றேன். இந்தச் சிவப்பு கதிர் இல்ல. எர்த் சரியில்ல.”

“அப்ப அந்த காமான்றது?”

மேடம் அம்பாரத்தைப் பார்த்தபடி சொன்னார். “வரலைங்க. இன்னும் எங்களுக்கு வரவே இல்ல.”

பாய் சாவியை எடுத்து மேடத்தின் கையில் கொடுத்தார். அதுவரை அவர் முகத்தில் இருந்த சந்தேகம் வேறு ஏதோவாக மாறியிருந்தது. துக்க வீட்டில் விடைபெறுவதுபோலத் தலையாட்டினார். மறுநாள் லாரி வந்தது. ஓடாத மெஷின் பக்கத்தில் விளைந்த உப்பு என்று அவரே ஊரெல்லாம் உத்தரவாதம் கொடுத்தார். கடற்கரைச் சாலை டீக்கடைகளில் எங்களுக்கு ‘ஓடாத மெஷின்’ என்றே பெயர் நிலைத்தது. பொம்மையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில், ஓடாத மெஷினுக்குப் பாதுகாப்பு அதிகாரி என்று என்னை ஒருவர் அறிமுகப்படுத்தினார். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டியிருந்தது.

எர்த் பட்டையைத் தோண்டியெடுத்தோம். பட்டை இருந்த இடத்தில் பச்சை நிறத்தில் மாவுதான் இருந்தது. புதிதாகப் போட்டோம். பலகை பச்சைக்குத் திரும்பியது. முரளியின் கண்ணாடிகள் தப்பித்தன. அவர் அதைக் கடவுள் செயல் என்றார், கூடாரம் தைத்த தையல்காரர் தன் செயல் என்றார். அடுத்த வருட உப்புக் காலத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு சாதாரண நாளில், திரையில் சின்னதாக ஒன்று எழுந்தது. பழைய முகட்டின் பாதி உயரம்கூட இல்லை. இப்போது பெட்டியைத் திறக்காமலே வெளியிலிருந்து இறக்கி ஏற்றும்படி தகடு இருந்தது, அதை இறக்கினால் மறைந்தது, ஏற்றினால் வந்தது. லேசரைச் சற்றுத் தாமதமாகச் சுட்டால் மறைந்தது. இதை எப்படிக் கெடுக்கலாம் என்று மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார், நாங்கள் கெடுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது கெடவே இல்லை. கடைசியில் மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வரைபடத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

ஜாங்கிரி வாங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

“வெளிய போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க,” என்றார் மேடம். எதற்கு, உப்பு போய்க்கொண்டிருக்கிறதே என்றேன். “வரலைன்னு சொன்னது நாம. வந்ததையும் நாமதான் சொல்லணும்.”

போனேன். லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாயிடம், மெஷின் ஓடுகிறது, காமா வந்துவிட்டது, சுவருக்கு வெளியே ஒன்றும் வராது, அளந்து பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். ஏற்றுவது நின்றது. பாய் பலகையைப் பார்த்தார். பச்சை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“ஓடாதப்ப செவப்பு, ஓடறப்ப பச்சையா? போப்பா. மானம் போச்சேன்னு அந்தம்மா சொல்லச் சொல்லுச்சா? டேய், ஏத்துங்கடா.”

இரண்டாம் முறையும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னார். என் வாழ்க்கையில் உண்மையை அவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை. அவ்வளவு முழுமையாக யாரும் என்னை நம்பாமல் இருந்ததும் இல்லை. லாரி நிறைந்து போனது.

அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. லாரி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நெசமா ஓடுதா?”

“நெசமாக்கா.”

அவர் பலகையைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த அம்பாரத்தைக் காட்டி, “அதை இங்க வை,” என்றார். மீட்டரை உப்பின் மேல் வைத்தேன். அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு டிக். நிறைய நேரம் கழித்து இன்னொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. மேடம் வரைபடத்தைப் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

“இன்னிக்கு இப்படி. நாளைக்கு?”

“நாளைக்கும் இப்படித்தான்.”

“அதை நாளைக்கு வந்து சொல்லு,” என்றார்.

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும். ஓய்வு பெறும்வரை, உப்பு அம்பாரம் இருந்த எல்லாக் காலைகளிலும் போனேன். அவர் கேட்பார், தலையாட்டுவார், வேலைக்குத் திரும்புவார். நம்புகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆகவே, பவித்ரா, உங்கள் கேள்விக்குப் பதில். அந்த ஸ்டெப்பை எடுக்கலாமா என்று முடிவு செய்ய எனக்கு அதிகாரம் இல்லை, உங்களுக்கும் இல்லை. நாளைக் காலை மீட்டரை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய் அஞ்சலை அக்காவையே கேளுங்கள். சரி என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எந்த உப்பு என்று கேட்பார். பாய் சொல்லிக் கொடுத்த கேள்வி அது. உண்மையைச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னமும் பாக்கெட்தான்.